கேம் வேண்டாம், வேலை ஓடினால் போதும்: சிக்கனமான கிராபிக்ஸ் கார்டு தேர்ந்தெடுப்பது எப்படி

கேம் விளையாடும் எண்ணம் இல்லை. பிரவுசர், எக்செல், மெயில், வீடியோ, மிஞ்சிப்போனால் இரண்டாவது மானிட்டர் ஒன்று. வேலை இவ்வளவுதான். ஆனால் இதற்கு ஒரு கார்டு தேடி உட்கார்ந்தால், கண்ணில் படும் விமர்சனம் எல்லாம் எந்த கேமில் எத்தனை பிரேம் வருகிறது என்றே பேசுகிறது. 4கே மானிட்டரில் மவுஸ் தடங்காமல் ஓடுமா, ஒல்லியான கேபினெட்டுக்குள் கார்டு நுழையுமா, டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், இன்னும் எத்தனை வருடம் வரும் என்பதையெல்லாம் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சமாகத்தான் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்று, சேர்த்ததை வரிசைப்படி எழுதுகிறேன். இது டெஸ்க்டாப்புக்கு மட்டும்.

1. கார்டு தேவையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான பிராசஸர்களுக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. உங்களுடையதில் இருக்கிறதா என்று அதன் பெயரின் கடைசி எழுத்தே சொல்லிவிடும். இன்டெலில் ‘எஃப்’ என்று முடிந்தால் கிடையாது: கோர் ஐ5 12400இல் உண்டு, 12400எஃப்பில் இல்லை. ஏஎம்டி ரைசனில் 5000 வரிசை வரைக்கும் ‘ஜி’ என்று முடிபவற்றில்தான் உண்டு: 5600ஜியில் இருக்கிறது, வெறும் 5600இல் இல்லை. 7000 வரிசையிலிருந்து அநேகமாக எல்லாவற்றிலும் சாதாரண வேலைக்குப் போதுமான கிராபிக்ஸ் வைத்தே தருகிறார்கள். அங்கேயும் 7500எஃப் போல ‘எஃப்’ ஒட்டியிருந்தால் இல்லை.

இங்கே ஒரு குழப்பம் வரும். பிராசஸரில் கிராபிக்ஸ் இல்லாவிட்டாலும் மதர்போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கும். அதில் கேபிளைச் செருகிவிட்டு, படம் வரவில்லையே, போர்டு போய்விட்டதோ என்று பயப்படுபவர்கள் நிறைய. போர்டு நன்றாகத்தான் இருக்கும். அந்த போர்ட்டுக்குப் படம் அனுப்ப உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

உள்ளே கிராபிக்ஸ் இருந்தும் கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறது என்றால், கார்டு வாங்கும் முன் ஒரு சின்ன சோதனை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். மந்தமாகும் நேரத்தில் எது 100 சதவீதத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். டிஸ்க் தொட்டால் உங்களுக்கு வேண்டியது எஸ்எஸ்டி. மெமரி தொட்டால் ரேம். ரேம் ஒரே குச்சியாக இருந்தால், அதே வகையில் இன்னொன்று சேர்த்து இரண்டாக்குங்கள். உள் கிராபிக்ஸ் அந்த ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது, ஒற்றைக் குச்சியில் அதற்குப் பாதி வேகம்தான் கிடைக்கும். இந்த இரண்டையும் பார்க்காமல் கார்டு வாங்கினால் மந்தம் அப்படியே இருக்கும், பணம் மட்டும் போகும்.

வீடியோ மட்டும்தான் திக்குகிறதா? யூடியூப் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்தால் ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்று ஒன்று வரும். அதில் கோடெக் (வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறை) என்ற வரியில் எச்.264, விபி9, ஏவி1 ஆகியவற்றில் எது ஓடுகிறது என்று தெரியும். அதே நேரத்தில் டாஸ்க் மேனேஜரின் ஜிபியு பகுதியில் ‘வீடியோ டிகோட்’ கோடு அசைகிறதா என்று பாருங்கள். அது தரையோடு கிடக்க, சிபியு ஏறிக்கொண்டே போனால், வீடியோவைப் பிரிக்கும் பாரம் முழுவதும் பிராசஸர் தலையில் விழுகிறது என்று அர்த்தம். முதலில் பிரவுசர் செட்டிங்கில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் (இந்த வேலையை கிராபிக்ஸிடம் ஒப்படைக்கும் வசதி) அணைந்திருக்கிறதா பாருங்கள். அது சரியாக இருந்தும் இப்படித்தான் என்றால், உங்கள் கிராபிக்ஸுக்கு அந்த கோடெக் தெரியாது. ஏவி1 இன்டெலில் 11ஆம் தலைமுறையிலிருந்தும், ரைசன் டெஸ்க்டாப்பில் 7000 வரிசையிலிருந்தும்தான் வருகிறது.

ஆக, கார்டு வேண்டியது யாருக்கு? பிராசஸரில் கிராபிக்ஸே இல்லாதவருக்கு. போர்டிலுள்ள போர்ட் பழுதானவருக்கு. 4கே மானிட்டர் வாங்கி, பழைய போர்டு அதை 30 ஹெர்ட்ஸில்தான் (நொடிக்கு 30 படம்) ஓட்டுகிறது என்பவருக்கு. போர்ட் எண்ணிக்கை போதாதவருக்கு. புது கோடெக் வேண்டியவருக்கு. மற்றவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2. கேபினெட்டைத் திறந்து அளவெடுங்கள்

எந்தக் கார்டு என்று பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். பிராசஸருக்குப் பக்கத்தில் நீளமாக இருப்பதுதான் பிசிஐஇ எக்ஸ்16 ஸ்லாட்.

சாதாரண டவர் கேபினெட் என்றால் உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆபீஸ்களில் கழித்துவிடும் ஒல்லி கேபினெட்தான் சிக்கல். முழு உயரக் கார்டின் உலோகப் பட்டை ஏறக்குறைய 12 செ.மீ. இருக்கும், ஒல்லி கேபினெட்டில் சுமார் 8 செ.மீ. பட்டைதான் நிற்கும். இதற்கு ‘லோ ப்ரொஃபைல்’ கார்டு வேண்டும். கார்டு லோ ப்ரொஃபைலாக இருந்தால் மட்டும் போதாது, குட்டைப் பட்டையும் பெட்டிக்குள் வர வேண்டும். பழைய கார்டு விற்பவர்களிடம் அந்தக் குட்டைப் பட்டை பெரும்பாலும் இருப்பதில்லை. நான் விசாரித்த ஒருவர், ‘எல்லாம் சேர்ந்து வரும்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். படம் அனுப்பச் சொன்னபிறகுதான் நீளப் பட்டை மட்டுமே இருப்பது தெரிந்தது. படம் கேளுங்கள்.

பட்டையை மாற்றுவது கஷ்டமில்லை. ஓரிரு சின்ன ஸ்க்ரூ, அப்புறம் விஜிஏ, டிவிஐ போர்ட்களின் இரு பக்கமும் உள்ள அறுகோண நட்டுகள். கழற்றினால் பட்டை கையோடு வந்துவிடும். சில பழைய கார்டுகளில் விஜிஏ போர்ட் மட்டும் தட்டையான ரிப்பன் கேபிளில் தனியாகத் தொங்கும். குட்டைப் பட்டையில் மூன்று போர்ட்டுக்கு இடமில்லாததால், அந்த விஜிஏவைப் பக்கத்து ஸ்லாட்டின் வாயில் வேறொரு குட்டைப் பட்டையோடு பொருத்த வேண்டும். விஜிஏ வேண்டாம் என்றால் ரிப்பனையே கழற்றி வைத்துவிடலாம்.

இன்னும் இரண்டு அளவு பாக்கி. ஒன்று, தடிமன்: கார்டு ஒரு ஸ்லாட் இடம் எடுக்கிறதா, இரண்டா? சில ஒல்லி கேபினெட்களில் எக்ஸ்16 ஸ்லாட்டை ஒட்டியே எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) உட்கார்ந்திருக்கும். அங்கே இரண்டு ஸ்லாட் கார்டு நுழையவே நுழையாது. மற்றொன்று, நீளம்: ஸ்லாட்டின் முன்முனையில் ஹார்டுடிஸ்க் கூடோ சாட்டா கேபிளோ முட்டுகிறதா என்று ஸ்கேலை வைத்தே பாருங்கள்.

3. எஸ்எம்பிஎஸ்

பிசிஐஇ ஸ்லாட் வழியாகவே 75 வாட் வரை கிடைக்கும். நம் வேலைக்கு அதற்குள் அடங்கும் கார்டே போதும். ‘தனி பவர் இணைப்பு தேவையில்லை’ என்பதை உங்கள் முதல் நிபந்தனையாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி பிராண்டு கம்ப்யூட்டர்களில் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் சிறியது, 6 பின் இணைப்பு இருக்காது. சிலவற்றில் இணைப்பி அந்தக் கம்பெனிக்கே உரியது என்பதால் வேறு எஸ்எம்பிஎஸ் மாற்றவும் முடியாது.

சாட்டா பவரை 6 பின்னாக மாற்றும் அடாப்டர் மலிவாகக் கிடைக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள். சாட்டா பவர் இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். 6 பின் இழுக்கக்கூடியது 75 வாட். மீதியைத் தாங்குவது பிளாஸ்டிக்தான், அதுவும் உருகும் வரைக்கும்.

4. மானிட்டரின் முதுகைப் பாருங்கள்

கார்டின் போர்ட்டும் மானிட்டரின் போர்ட்டும் நேராகப் பொருந்தினால் நல்லது. பொருந்தாதபோது கன்வெர்ட்டர் செலவு சேரும், அதில்தான் பலருக்கும் கணக்கு உதைக்கிறது.

4கே மானிட்டர் வைத்திருப்பவர்கள் எச்டிஎம்ஐ பதிப்பைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 1.4 என்றால் 4கேயில் 30 ஹெர்ட்ஸ்தான். படம் வரும், ஆனால் மவுஸை நகர்த்தினால் பின்னாலேயே இழுபட்டு வரும், நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. 60 ஹெர்ட்ஸுக்கு எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும். ஃபுல் எச்டி மானிட்டருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

விஜிஏ மட்டும் உள்ள பழைய மானிட்டர் என்றால்: என்விடியா 10 வரிசையிலிருந்து கார்டுகள் அனலாக் சிக்னலே தருவதில்லை. சிலவற்றில் டிவிஐ இருக்கும், ஆனால் அது டிவிஐ-டி. அதன் தட்டைப் பின்னைச் சுற்றி நான்கு சின்னத் துளைகள் இருக்காது, ஆகவே பழைய டிவிஐ-விஜிஏ பிளக் அதில் ஏறவே ஏறாது. உள்ளே சிப் உள்ள எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர்தான் வாங்க வேண்டும்.

டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கார்டிலிருந்து எச்டிஎம்ஐ மானிட்டருக்கு எளிய அடாப்டர் போதும். எதிர்த்திசையில், அதாவது கார்டில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்றால், அதே அடாப்டரைத் திருப்பிப் போட்டு ஓட்ட முடியாது. அதற்குத் தனி ஆக்டிவ் (உள்ளே சிப் உள்ள) கன்வெர்ட்டர் உண்டு, விலையும் கூட.

மூன்று மானிட்டர் வேண்டுமா? குறைந்த விலைக் கார்டுகளில் பெரும்பாலும் இரண்டு போர்ட்தான். பிராசஸரில் உள் கிராபிக்ஸ் இருந்தால் பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போது திறக்கும் போர்டின் அமைப்புப் பக்கம்) அதையும் சேர்த்து இயங்க வைத்து, மூன்றாவது மானிட்டரை மதர்போர்டிலேயே செருகலாம். பல போர்டுகளில் இந்த வசதி இருக்கிறது, கார்டு வாங்கும் முன்பே பயாஸில் தேடிப் பாருங்கள்.

5. எந்தக் கார்டு?

முதலில் ஒதுக்க வேண்டியவை. ஆர்5 230, ஜிடி 710, ஜிடி 730 மூன்றும் இன்றும் புதுப் பெட்டியில் விற்கின்றன. விலை குறைவு என்பதால் ஆசை காட்டும். ஆர்5 230இன் சிப் டைரக்ட்எக்ஸ் 12க்கு (விண்டோஸ் கிராபிக்ஸோடு பேசும் முறை) முந்தியது, விண்டோஸ் 11 கேட்பதோ டைரக்ட்எக்ஸ் 12. ஜிடி 710இன் கெப்ளர் தலைமுறைக்குப் புது டிரைவர் வருவது 2021லேயே நின்றது, பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 செப்டம்பரோடு முடிந்தன. அதன் எச்டிஎம்ஐயும் 1.4தான். ஜிடி 730 இன்னும் மோசம்: ஒரே பெயரில் 96 கோர் உள்ள பழைய ஃபெர்மி சிப்பும் 384 கோர் உள்ள கெப்ளர் சிப்பும் விற்கப்பட்டன. பெட்டி மேல் பெரிதாக ‘4ஜிபி’ என்று இருக்கும். ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘டிடிஆர்3’ என்று இருக்கும். நீங்கள் படிக்க வேண்டியது அந்தச் சின்ன எழுத்தைத்தான். மெமரி எத்தனை ஜிபி என்பதை விட எந்த வகை என்பதே முக்கியம். மேஜை வேலைக்கு 2 ஜிபி ஓடும், 4 ஜிபி தாராளம்.

ஜிடி 1030 (2017) பலரும் சிபாரிசு செய்வது. 30 வாட், பல மாடல்களில் விசிறியே இல்லை, எச்டிஎம்ஐ 2.0 உண்டு, விபி9 வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு ஒன்று வந்தது. மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபியிலிருந்து 16.8 ஜிபியாகச் சுருங்கியது, பெயரில் ஒரு புள்ளி கூட மாறவில்லை. ஜிடிடிஆர்5 என்று இருப்பதை மட்டும் எடுங்கள். இந்தத் தலைமுறைக்கு வழக்கமான டிரைவர் 2025 அக்டோபரோடு முடிந்து, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை என்று என்விடியா அறிவித்திருக்கிறது. அதனால் புதிதாக நல்ல விலை கொடுத்து இதை வாங்க என் மனம் ஒப்பாது. பழையது மலிவாகக் கிடைத்தால் சரி.

ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400 (2022), 53 வாட், 4 ஜிபி ஜிடிடிஆர்6. ஒற்றை ஸ்லாட் லோ ப்ரொஃபைலிலும் கிடைப்பதால் ஒல்லி கேபினெட்டுக்கு என் முதல் தேர்வு இதுதான். குறைகள் இரண்டு: ஏவி1 கிடையாது, வீடியோ என்கோடரும் கிடையாது. திரையைப் பதிவு செய்பவராக இருந்தால் அந்தப் பாரம் முழுக்க பிராசஸர் மேல் விழும். நான்கே லேன்களில் (போர்டோடு தரவு போய்வரும் பாதைகள்) ஓடுவதால் பழைய போர்டில் கேம் வேகம் குறையும் என்று படிப்பீர்கள். எக்செலுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

இன்டெல் ஆர்க் ஏ310 (2022) வீடியோவுக்காகவே செய்தது போல இருக்கும். ஏவி1 பார்க்கவும் செய்யும், பதிவும் செய்யும். ஆனால் இது ‘ரீசைசபிள் பார்’ என்ற வசதி (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் எட்ட விடுவது) உள்ள போர்டில்தான் ஒழுங்காக ஓடும். இன்டெல் சொல்லும் கணக்குப்படி 10ஆம் தலைமுறை கோர் அல்லது ரைசன் 3000 வரிசையாவது வேண்டும். பத்து வருடப் பழைய கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்க நினைப்பவர்கள் இதைத் தொட வேண்டாம். இதன் அண்ணன் ஏ380இன் பல மாடல்களில் 8 பின் பவர் கேட்கும், கவனம்.

ஜிடிஎக்ஸ் 1650 (2019) பழையதாக நிறைய புழங்குகிறது. சிப்புக்கு 75 வாட்தான், ஆனாலும் சில கம்பெனிகள் 6 பின் வைத்தே விட்டிருக்கின்றன. கார்டின் மேல் விளிம்புப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கொஞ்சம் போட்டோ, வீடியோ எடிட்டிங்கும் உண்டு என்றால் ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை (2024). 70 வாட், ஏவி1 பார்க்கும். 8 ஜிபி வகை பெயரளவில்தான் இதற்கு உறவு: கோர்களும் வேறு, 130 வாட் கேட்கும், தனி பவர் இணைப்பும் வேண்டும். விற்பவர் வெறும் ‘3050’ என்று மட்டும் சொன்னால் எத்தனை ஜிபி என்று கேட்டுவிடுங்கள்.

மூன்று மானிட்டர்காரர்களுக்கு என்விடியா டி400. 30 வாட், மூன்று மினி டிஸ்ப்ளேபோர்ட். ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றியவை விற்பனைக்கு வரும். அடாப்டர்கள் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள், தனியாக மூன்று வாங்கினால் கார்டு மலிவாகக் கிடைத்த சந்தோஷம் போய்விடும்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு: ஏஎம்டி, இன்டெல் டிரைவர்கள் கர்னலோடு வந்துவிடுகின்றன. பழைய என்விடியா கார்டுகள் பழைய டிரைவரோடு மாட்டிக்கொள்ளும்.

6. மொத்தச் செலவைப் போடுங்கள்

கார்டின் விலையோடு கன்வெர்ட்டர், கேபிள், குட்டைப் பட்டை, அனுப்பும் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அதன் பக்கத்திலேயே இன்னொரு கணக்கு: உங்கள் போர்டு ஏற்கும் பிராசஸர்களில் உள் கிராபிக்ஸ் உள்ளது ஒன்று என்ன விலை? இருக்கும் பிராசஸரை விற்று, 5600ஜி போன்ற ஒன்றுக்கு மாறுவது சில நேரம் கார்டை விட லாபமாக முடியும்; மின்சாரமும் மிச்சம். எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்ற வேண்டும் என்ற நிலை வந்தால் கார்டு யோசனையையே கைவிடுவது நல்லது.

7. பழைய கார்டு வாங்கினால்

போலிகள் உண்டு. பழைய சிப்பின் பயாஸை (கார்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) திருத்தி, விண்டோஸில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டும்படி செய்து விற்பார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய போலிகள் பலவற்றைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்றே போட்டுவிடும். வாங்கும் இடத்திலேயே அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் விஜிஏ போர்ட் இருக்க, பெட்டியில் புது மாடல் பெயர் இருந்தால், ஓட்டிப் பார்க்கும் முன்பே சந்தேகப்படலாம்.

விசிறியை விரலால் சுற்றிப் பாருங்கள். தடங்கினாலோ ஆடினாலோ விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

8. பில்லும் வாரண்டியும்

பில்லில் வெறும் ‘கிராபிக்ஸ் கார்டு 4ஜிபி’ என்று எழுதி வாங்காதீர்கள். முழு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அதில் இருக்க வேண்டும். கார்டின் முதுகில் ஒட்டியிருக்கும் சீரியல் எண், பெட்டியில் உள்ளது, பில்லில் உள்ளது மூன்றும் ஒன்றுதானா என்று கடையை விட்டு நகரும் முன் ஒப்பிடுங்கள். வாரண்டி வாங்கிய தேதியிலிருந்தா, தயாரித்த தேதியிலிருந்தா என்று கேளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றால் அன்றைக்கே செய்துவிடுங்கள். வெயில் பட்டால் அச்சு மங்கும் தாளில்தான் பல பில்கள் வருகின்றன, உடனே போட்டோ எடுத்து வையுங்கள்.

முக்கியமாக, திருப்பித் தரும் கெடு எத்தனை நாள், பெட்டியைத் திறந்த பிறகும் எடுப்பார்களா என்பதை எழுத்தில் பாருங்கள். உங்களுக்கு நேரம் இல்லாத வாரத்தில் வாங்காதீர்கள். பெட்டி மேஜையிலேயே கிடந்து, கெடு தானாகவே முடிந்துவிடும்.

9. மாட்டியதும் அந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியவை

பழைய டிரைவரை நீக்கி, அணைத்து, கார்டைச் செருகி, ஸ்லாட்டின் கொக்கி ‘டக்’ என்று விழுகிறதா பாருங்கள். பட்டையில் ஸ்க்ரூ போடுங்கள். அப்புறம் மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள். கைப்பழக்கத்தில் மதர்போர்டிலேயே விட்டுவிடுவது சகஜம்.

படம் வராவிட்டால் உடனே கார்டைக் குறை சொல்ல வேண்டாம். பயாஸில் முதன்மை டிஸ்ப்ளே எது என்ற அமைப்பைப் பாருங்கள். ரொம்பப் பழைய கார்டு புதிய போர்டில் யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) முறையில் எழாமல் போகலாம், புதிய கார்டு பழைய பயாஸில் முரண்டு பிடிக்கலாம். போர்டின் பயாஸைப் புதுப்பித்தால் இவற்றில் பாதி தீர்ந்துவிடும்.

டிரைவரைக் கார்டு கம்பெனியின் குறுந்தட்டிலிருந்து போடாமல், என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளத்திலிருந்தே எடுங்கள். போட்டதும் டிஸ்ப்ளே செட்டிங்கில் ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். 60 ஓடக்கூடிய மானிட்டரை விண்டோஸ் 30இல் விட்டுவைத்திருக்கக்கூடும். ஒரு மணி நேரமாவது 4கே வீடியோவை ஓட்டி, வீடியோ டிகோட் கோடு அசைவதையும், வெப்பநிலை ஒரே அளவில் நிற்பதையும் கவனியுங்கள். கம்ப்யூட்டரைத் தூங்க வைத்து எழுப்பிப் பாருங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட மானிட்டர் இருந்தால் எல்லாமே எழுகின்றனவா என்று. கோளாறுள்ள கார்டும் கேபிளும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வெளுக்கும். கெடு முடியும் வரை பெட்டி, நுரை, சின்னப் பட்டை, ஸ்க்ரூ எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு ஸ்க்ரூ குறைந்தாலும் திருப்பி எடுக்க மறுக்க அது போதும் அவர்களுக்கு.